ஆத்தங்கரை கசினோ ஊருக்கு ரெண்டு ராத்திரி: உம்தாம்வுனாவா, வால் ஆறா, நியூகாசிலா?

எங்க வீட்டுல ஒரு மாசமா இதே பேச்சுதான். நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல சாட்ஸ்வர்த், தம்பி குடும்பம் ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியா. அப்பா போனதுக்கப்புறம் ரெண்டு குடும்பமும் ஒண்ணா எங்கயுமே போகல, கல்யாணத்துலயும் காரியத்துலயும்தான் பாத்துக்கறோம். அதனால இந்த வருஷம் ரெண்டே ரெண்டு ராத்திரியாவது ஆறு ஓடுற இடமா, பெரியவங்களுக்கு கொஞ்சம் கசினோ, பசங்களுக்கு தண்ணி, அம்மாவுக்கு உக்காந்து பாக்க ஒரு நல்ல இடம், இது எல்லாம் இருக்குற ஊரா பாத்துப் போகணும்னு முடிவு பண்ணோம். பட்ஜெட் டைட். ஒரு குடும்பத்துக்கு பெட்ரோல், ரூம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் சேத்து ஆறாயிரம் ராண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு என் மனைவி முதல் நாளே சொல்லிட்டா. நான் போட்ட கணக்கு, விசாரிச்சது, முன்னாடி போய்ப் பட்ட அனுபவம் எல்லாத்தையும் இங்க எழுதறேன், இதே யோசனையில இருக்குற மத்த குடும்பங்களுக்கும் உதவும்.

பேச்சுல வந்தது நாலு இடம். ஒண்ணு போர்ட் எட்வர்ட், உம்தாம்வுனா ஆத்துக்கு அந்தப்பக்கம் வைல்ட் கோஸ்ட் சன்னு கசினோ ரிசார்ட். ரெண்டாவது வாண்டர்பைல்பார்க், வால் ஆத்தங்கரையில எமரால்ட் ரிசார்ட். மூணாவது நியூகாசில், அங்க பிளாக் ராக் கசினோ, ஊருக்குள்ள ந்காண்டு ஆறு ஓடுது. நாலாவதா தம்பி அப்பிங்டன் சொன்னான். ஆரஞ்ச் ஆறு, பேரீச்ச மரம், திராட்சைத் தோட்டம், டெசர்ட் பேலஸ்னு கசினோ, அங்கருந்து சுமார் 120 கிலோமீட்டர் போனா ஆக்ரபீஸ் அருவி. உண்மையில பாலைவனத்து நடுவுல ஆறும் கசினோவும்னா அதுதான் அழகு, ஆனா ஜோபர்க்ல இருந்தே 800 கிலோமீட்டர், எங்களுக்கு ஆயிரத்துக்கு மேல. ரெண்டு ராத்திரிக்கு அது சரிப்படாது, அஞ்சு நாள் லீவு கிடைக்கிறவங்க போங்க, கோடையில மட்டும் வேண்டாம், வெயில் நாப்பது டிகிரி தாண்டிடும்.

மிச்சம் மூணு. முதல்ல பெட்ரோல் கணக்கு, ஏன்னா எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க. எங்க கார் நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடிக்கும். சாட்ஸ்வர்த்ல இருந்து போர்ட் எட்வர்ட் போய்த் திரும்ப சுமார் 320 கிலோமீட்டர், 26 லிட்டர். நியூகாசில்னா 660, அதாவது 53 லிட்டர். வாண்டர்பைல்பார்க்னா ஏறக்குறைய 1,200, 96 லிட்டர். தம்பிக்கு அப்படியே தலைகீழ். வாண்டர்பைல்பார்க் அவனுக்கு நூறு கிலோமீட்டர்தான் போகவர, கோல்டன் ஹைவேல போனா என்1 டோல் கூடக் கிடையாது. நியூகாசில்னா 560, போர்ட் எட்வர்ட்னா 1,500. ரெண்டு குடும்பத்துக்கும் சேத்துப் பாருங்க: போர்ட் எட்வர்டுக்கு 146 லிட்டர், வாலுக்கு 104, நியூகாசிலுக்கு 98. பெட்ரோல் காச ரெண்டு வீடும் பொதுவுல போட்டு பாதிப் பாதியா பிரிச்சுக்கறதுன்னா வாலுக்கும் நியூகாசிலுக்கும் வித்தியாசமே இல்லன்னு சொல்லலாம். இத நான் உக்காந்து எழுதிப் பாக்கற வரைக்கும் நியூகாசில்தான் நடுவுல இருக்கு, அதுதான் சீப்புன்னு எல்லாரும் அடிச்சுப் பேசிட்டிருந்தாங்க.

நடுவுல இருக்கறதோட நிஜமான லாபம் நேரம்தான். ரெண்டு ராத்திரி பயணம்னா கையில இருக்கறது 48 மணி நேரம். வால் போனா எங்களுக்கு மட்டும் போக ஏழு, வர ஏழு மணி நேரம் ரோட்டுலயே போயிடும், என்3 ஹைவேல லாரிக்கு நடுவுல. மரியன்ஹில், மூயி ரிவர், டுகேலா, வில்ஜ்னு வரிசையா டோல் வேற. வான் ரீனன் பாஸ்ல பனிமூட்டம் எப்ப வரும்னு சொல்ல முடியாது, 2024 செப்டம்பர்ல அங்க ஸ்னோ விழுந்து ரோடே மூடி, ஜனங்க ராத்திரி முழுக்க கார்லயே கிடந்தாங்க. எழுபத்தஞ்சு வயசு அம்மாவ வச்சுக்கிட்டு குளிர்காலத்துல அந்த ரோட்ட நான் எடுக்க மாட்டேன். இன்னொரு விஷயம், பெட்ரோல் விலைய கவர்மெண்ட்தான் வைக்குது, மாசத்துல முதல் புதன்கிழமை மாறும், கடற்கரைப் பக்கம் எப்பவுமே உள்நாட்ட விட லிட்டருக்கு கம்மி. எந்தப் பக்கம் போறதா இருந்தாலும் டர்பன்ல டேங்க நிரப்பிட்டுக் கிளம்புங்க.

சரி, இப்ப ஒவ்வொரு ஊரா வர்றேன்.

வால் ஆறு பெரிய ஆறு, 1,120 கிலோமீட்டர் ஓடுது, கவுடெங், ஃப்ரீ ஸ்டேட்ங்கற ரெண்டு மாகாணத்துக்கும் அதுதான் எல்லை. சாயங்கால நேரத்துல வில்லோ மரம் தொங்குற கரையில உக்காந்தா மனசு அப்படியே அடங்கிடும், அதுல சந்தேகமே இல்ல. எமரால்ட்ல கசினோ மட்டும் இல்ல, சின்ன விலங்குப் பூங்கா இருக்கு, சமைச்சுச் சாப்பிடற மாதிரி சாலேன்னு தனித்தனிக் குடில் இருக்கு. ஆனா தண்ணியில இறங்காதீங்க. வாலோட அந்தப் பகுதியில முனிசிபாலிட்டி சாக்கடை வருஷக்கணக்கா ஆத்துல கலக்குது, 2018ல ராணுவத்தையே கூப்பிட்டு பம்ப் ஸ்டேஷன சரிபண்ண வச்சாங்க, மனித உரிமைக் கமிஷன் விசாரிச்சு 2021ல அறிக்கையே குடுத்தது. அவ்வளவு அழகான ஆத்த அப்படி ஆக்கி வச்சிருக்காங்கன்னு நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது. பசங்கள நீச்சல் குளத்தோட நிறுத்திக்கங்க. இன்னொண்ணு, வால் கரையில பெரும்பகுதி தனியார் இடம், ஆறு பக்கத்துலயே இருந்தாலும் கரைக்குப் போக வழி இருக்காது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நாங்க அந்தப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல, ஆறு தெரியுற ரூம்னு போட்டோ பாத்து அட்வான்ஸ் கட்டிட்டோம். போய்ப் பாத்தா ரூமுக்கும் ஆத்துக்கும் நடுவுல ரெண்டு பெரிய வீடு, காம்பவுண்ட் சுவர், கரைக்குப் போகணும்னா தனி கட்டணம். காசத் திருப்பிக் கேட்டோம், தரல. அதுலருந்து புக் பண்றதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு கேள்வி கண்டிப்பா கேக்கறேன்: ரூம்ல இருந்து தண்ணி எத்தன அடி தூரம், நடுவுல என்ன இருக்கு? பதில வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பச் சொல்லிடுவேன்.

வால் போறவங்க கசினோவோட நிக்காதீங்க. பக்கத்துலயே ஷார்ப்வில். 1960 மார்ச் 21, கறுப்பர்கள் எங்க போனாலும் கையில பாஸ் வச்சிருக்கணும்ங்கற சட்டத்த எதிர்த்து நின்ன ஜனங்கள போலீஸ் சுட்டு 69 பேர் செத்த இடம், 1996 டிசம்பர் 10 மண்டேலா புது அரசியல் சட்டத்துல கையெழுத்துப் போட்டதும் அங்கதான். பசங்க ஸ்கூல்ல படிச்சத கண்ணால பாக்கலாம். ஆத்தோட கீழ போனா பாரிஸ்னு ஒரு சின்ன ஊரு, பழைய சாமான் கடைங்க, ராஃப்டிங், அதத் தாண்டினா ஃப்ரெடஃபோர்ட் டோம், ரெண்டு பில்லியன் வருஷத்துக்கு முன்னாடி விண்கல் விழுந்த குழி.

பாரிஸ் ஃப்ரீ ஸ்டேட்ல இருக்கு. அந்தப் பேரக் கேட்டாலே எங்க அம்மா முகம் மாறிடும். 1891ஆம் வருஷச் சட்டம் ஒண்ணு, இந்தியர்கள் ஃப்ரீ ஸ்டேட்ல குடியிருக்கக் கூடாதுன்னு, அது 1980கள் நடுவுல வரைக்கும் இருந்தது. அப்பா டர்பன்ல இருந்து ஜோபர்க் போறப்பல்லாம் ஹாரிஸ்மித்ல பெட்ரோல் போட்டுட்டு தூக்கம் கண்ணச் சுத்தினாலும் நிறுத்தாம ஓட்டுவாரு, ராத்திரி தங்க முடியாது. அம்மா பக்கத்துல உக்காந்து அவரு தூங்கிடாம இருக்கப் பேசிக்கிட்டே வருவாங்களாம், பின்னாடி சீட்ல எங்களுக்கு ரொட்டிக்குள்ள உருளைக்கிழங்குக் கறி சுருட்டிக் குடுத்த பாட்கோஸ், அதாவது வழிச் சாப்பாடு. இப்ப அந்தக் கரையில ரூம் போட்டுத் தூங்கலாம்ங்கறதே அம்மாவுக்கு ஒரு பெரிய விஷயம். ஒரு நாள் அவங்கள அங்க கூட்டிட்டுப் போகணும், ஆனா மூணு ராத்திரி லீவு கிடைக்கறப்பதான்.

நியூகாசில் பத்தி நியாயமா சொல்லணும். ஆறுன்னு பாத்தா மூணுலயும் சின்னது. கசினோவும் சின்னதுதான். ரிசார்ட் மாதிரி எல்லாம் எதிர்பாக்காதீங்க, சும்மா ஒரு ஊரு, இரும்பு, நிலக்கரி ஊரு. குளிர்காலத்துல ராத்திரி உறைபனி விழும். ஆனா ரெண்டு குடும்பமும் காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒண்ணா உக்காந்துடலாம், இது மத்த ரெண்டு இடத்துலயும் நடக்காது. ரூம் வாடகையும் டூரிஸ்ட் ஊர் மாதிரி லீவு நாள்ல ஏறிப் போகல, நான் போன் பண்ணிக் கேட்ட மூணு இடத்துலயும் அப்படித்தான். அப்புறம் தமிழனா பொறந்தவனுக்கு நியூகாசில் சாதாரண ஊரு இல்லங்க. 1913 அக்டோபர்ல டிரான்ஸ்வால்ல இருந்து வந்த தமிழ்ப் பொம்பளைங்க இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த்தான், ஒப்பந்தம் முடிஞ்ச இந்தியர்கள் மேல போட்ட மூணு பவுண்ட் வரிய எதுத்து வேலைய நிறுத்துங்கன்னு தொழிலாளிங்ககிட்ட பேசினாங்க, ஜெயிலுக்குப் போனாங்க. அங்கருந்து கிளம்பின கூட்டம்தான் சார்ல்ஸ்டவுன் போய் நவம்பர் 6ஆம் தேதி காந்தியோட எல்லையத் தாண்டி வோல்க்ஸ்ரஸ்ட்டுக்கு நடந்தது. தம்பி வர்ற ரோடு அதே வோல்க்ஸ்ரஸ்ட் வழிதான். எங்க கொள்ளுப்பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்துல வந்தவரு, அந்த வரி எங்க குடும்பத்து மேலயும் விழுந்த வரிதான். பசங்களுக்கு இத அந்த மண்ணுல நின்னு சொல்றது வேற.

கடைசியா உம்தாம்வுனா. நான் பக்கச்சார்போடதான் எழுதறேன், ஒத்துக்கறேன், காரணம் பின்னாடி வருது. டர்பன்ல இருந்து என்2ல தெக்க, ஸ்காட்பர்க், செசெலா பக்கம் கரும்பு, அப்புறம் போர்ட் ஷெப்ஸ்டோன், அங்கருந்து ஆர்61 ரோடு. மார்கேட், ராம்ஸ்கேட் தாண்டி வாழைத்தோட்டமும் மக்கடாமியா தோப்பும் வந்தா போர்ட் எட்வர்ட் வந்தாச்சுன்னு அர்த்தம். ரெண்டு மணி நேரம் சொச்சம். ஆறு ஒரு ஆழமான பள்ளத்தாக்குக்குள்ள வந்து கடல்ல சேருது, மேல வளைவா இரும்புப் பாலம், பாலத்துக்கு இந்தப்பக்கம் குவாசுலு நடால், அந்தப்பக்கம் ஈஸ்டர்ன் கேப். பள்ளத்தாக்குல உம்தாம்வுனா இயற்கைக் காப்பகம், பாறையில பிணந்தின்னிக் கழுகுக் கூட்டம் கூடு கட்டி இருக்கு, நடக்க முடிஞ்சவங்க காலையிலயே போங்க, நுழைவுக் கட்டணம் தவிர ஒரு செலவும் இல்ல. பக்கத்துலயே ரெட் டெசர்ட்னு செக்கச் செவேல்னு மண்ணு, அத பசங்க மறக்கவே மாட்டாங்க.

இங்க பட்ஜெட்டோட சூட்சுமம் ஒண்ணு இருக்கு: கசினோ ஹோட்டல்ல தங்காதீங்க. பாலத்துக்கு இந்தப்பக்கம் போர்ட் எட்வர்ட், லெஷர் பே, பாம் பீச்னு சமையல் வசதியோட ஃபிளாட், வீடு நிறைய இருக்கு, ஆத்தங்கரையிலயே கேரவன் பார்க்கும் இருக்கு. ஒன்பது பேருக்கு ஒரு வீடு எடுத்தா ஹோட்டல்ல மூணு ரூம் போடறதுல பாதிக்கும் கம்மியா முடியுது, பிராய் போட, அதாவது வெளிய கரியில கறி சுட, இடம் இருக்கும், அம்மா திங்கக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கறி தொட மாட்டாங்க, அவங்களுக்கு தனியா பருப்பும் ரசமும் வச்சுடலாம். மாட்டுக்கறி எதுல கலந்திருக்குன்னு பஃபேல தட்டு தட்டா கேக்க வேண்டியதில்ல. கூலர் பாக்ஸ்ல பிரியாணிக்கு மசாலா போட்டு ஊறவச்ச கோழிய எடுத்துட்டுப் போயிடுவா என் மனைவி, முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு அதோட முடிஞ்சுது. கசினோவுக்கு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போயிட்டு வெளிச்சம் இருக்கறப்பவே திரும்பிடுங்க, பாலத்துக்கு அந்தப்பக்கம் ரோட்டுல மாடும் ஆடும் இருட்டுல நிக்கும்.

தண்ணி விஷயத்துல இங்கயும் கவனம் வேணும். ஆத்து முகத்துவாரத்துல சாம்பேசி சுறா வரும், மழைக்கப்புறம் கலங்கின தண்ணியில இறங்கவே கூடாது, கரையோர ஆறுகள்ல பில்ஹார்சியான்னு தண்ணிப் புழுவால வர்ற நோய் பயமும் உண்டு. லைஃப்கார்ட் நிக்கிற பீச்சுல மட்டும் குளிங்க. வைல்ட் கோஸ்ட் சன்ல வாட்டர் பார்க் இருக்கு, அதுக்குத் தனி டிக்கெட், குளிர்காலத்துல எது எது திறந்திருக்குன்னு முதல்லயே போன் பண்ணிக் கேட்டுடுங்க. ஆனா ஜூன், ஜூலைல அதிர்ஷ்டம் இருந்தா மத்தி மீன் கூட்டம் கரைக்கே வரும், அது ஓசி. அப்ப கடற்கரையில நிக்கிற சந்தோஷத்துக்கு எந்த கசினோ மெஷினும் ஈடாகாது. குளிரும் உள்நாட்டு மேட்டு நிலம் மாதிரி கடிக்காது.

விளையாட்டுக் காசு பத்தி கட்டாயம் பேசணும், ஏன்னா பட்ஜெட் உடையறது ரூம்ல இல்ல, இங்கதான். எங்க சொந்தத்துலயே ஒருத்தர் டிசம்பர் போனஸ் முழுசையும் ஒரே ராத்திரில விட்டுட்டு ஜனவரில பசங்க ஸ்கூல் ஃபீஸுக்கு கடன் வாங்கினாரு, அத நான் கிட்டருந்து பாத்தவன். கணக்கு இதுதான்: ரெண்டு ராண்டு வச்சு ஆறு செகண்டுக்கு ஒரு தடவ பட்டன அமுக்கினா ஒரு மணி நேரத்துல 600 தடவ, 1,200 ராண்டு மெஷினுக்குள்ள போயிட்டு வருது. மெஷின் நூறுக்கு தொண்ணூறு திருப்பித் தருதுன்னு வச்சுக்கிட்டாக் கூட சராசரியா மணிக்கு 120 ராண்டு போச்சு. நாலு மணி நேரம் உக்காந்தா 480. ஒரே பூஜ்யம் இருக்குற ரூலெட்ல நூறுக்கு 2.7தான் கசினோக்காரன் பங்கு, கேக்க நல்லா இருக்கு, ஆனா ஒரு தடவ வைக்கற தொகை பெருசு. அதனால நாங்க செய்யறது, ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 300 ராண்டு, பேர் எழுதின கவர்ல ரொக்கமா, பேங்க் கார்டு எல்லாம் வீட்டுல அம்மாகிட்ட. ஜெயிச்சது வேற பாக்கெட்டுக்குப் போகும், திரும்ப வெளிய வராது. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்கள கசினோ ஹாலுக்குள்ள விடமாட்டாங்க, அதனால முறை போட்டு ஒருத்தர் பசங்களோட இருக்கணும். மெம்பர் கார்டு இலவசம், வாங்கிக்கங்க, ஆனா அந்தப் பாயிண்டுக்காக இன்னும் ஒரு மணி நேரம் உக்காராதீங்க. வீட்டுல யாருக்காவது கை நிக்கலன்னு தோணினா 0800 006 008 இலவச நம்பர், ரகசியமாப் பேசலாம், வெக்கப்பட வேண்டியதே இல்ல.

எப்ப போறது? ஈஸ்டர் எங்களுக்கு ஆகாது, குட் ஃப்ரைடே தீமிதி, அம்மா ஒரு வருஷமும் விட்டதில்ல, எப்படியும் அந்த வாரம் ரூம் விலை உச்சத்துல இருக்கும். டிசம்பரும் அதே கதை. செப்டம்பர் ஹெரிடேஜ் டே லாங் வீக்கெண்ட் புரட்டாசிக்குள்ள வந்துடுது, பிராய் போட முடியாது. ஜூலை ஸ்கூல் லீவுல ஞாயித்துக்கிழமை போய் செவ்வாய்க்கிழமை திரும்பறது நல்லது, வெள்ளி, சனி ராத்திரிக்குத்தான் வாடகை ஏறுது. அறுபது தாண்டினவங்க கூட வந்தா பென்ஷனர் ரேட் இருக்கான்னு கேளுங்க, கேக்காம யாரும் தரமாட்டாங்க.

இப்ப என் தீர்ப்பு. டர்பன், பீனிக்ஸ், டோங்காட் குடும்பம் தனியாப் போறதுன்னா யோசிக்கவே வேண்டாம், உம்தாம்வுனா. லெனேசியா, லாடியம், பெனோனி குடும்பம்னா வால், கரை தெரியுதான்னு கேட்டுட்டு. ரெண்டு பக்கத்து சொந்தமும் கார்லயே வந்து ரெண்டு ராத்திரில சேரணும்னா நியூகாசில்தான் புத்திசாலித்தனம், கசினோ சின்னதா இருக்கறது பர்சுக்கும் நல்லது.

நாங்க அந்தப் புத்திசாலித்தனத்த இந்தத் தடவ எடுக்கல. காரணம் 1983. அப்ப எனக்கு ஒன்பது வயசு. டர்பன் கடற்கரையில எந்த மணல்ல யார் நிக்கலாம்னு போர்டு வச்சிருந்த காலம், கவர்மெண்டும் தென்னாப்பிரிக்காவுக்குள்ள கசினோவத் தடை பண்ணியிருந்தது. ஆத்துக்கு அந்தப்பக்கம் இருந்த ட்ரான்ஸ்கைய தனி நாடுன்னு சொல்லி வச்சிருந்ததால 1981ல அங்க வைல்ட் கோஸ்ட் சன் திறந்தாங்க, அங்க நிறம் பாத்து யாரையும் வெளிய நிறுத்தல. அந்தத் தனி நாடே ஹோசா ஜனங்கள ஏமாத்தறதுக்குப் பண்ண ஏற்பாடுன்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், அந்த வலி அவங்களோடது. ஆனா ஷூ ஃபேக்டரில வேல பாத்த எங்க அப்பா, பெரியப்பாவோட கோம்பி வேன்ல எங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போய், ஒரு ஹோட்டலோட முன்வாசல் வழியா நடந்து போனது வாழ்க்கையில அதுதான் முதல் தடவ. சட்டைய இஸ்திரி போட்டு தனியா மடிச்சு எடுத்துட்டு வந்து, பாலத்துக்கு முன்னாடி கோம்பிய நிறுத்தச் சொல்லி, மரத்தடியில நின்னு மாத்திக்கிட்டாரு. விளையாடினது பத்தோ இருபதோ ராண்டுதான்.

விஷயத்தச் சொன்னதும் தம்பி அன்னிக்கு ராத்திரியே 120 லிட்டர் பெட்ரோலையும் டோலையும் ஒரு பக்கம், முன்கூட்டியே புக் பண்ற சீப் பிளைட் டிக்கெட்ட இன்னொரு பக்கம் வச்சுப் பாத்தான், நாலு பேருக்கு வித்தியாசம் சில நூறு ராண்டுதான் வந்தது. டிக்கெட் போட்டாச்சு. டர்பன் கிங் ஷாகா ஏர்போர்ட்ல இருந்து எல்லாரும் ஒரே வண்டில, பக்கத்து வீட்டு அண்ணன் தன்னோட கோம்பியத் தர்றேன்னு சொல்லிட்டாரு, பெட்ரோல் மட்டும் எங்களது. பாம் பீச்ல மூணு ரூம் வீட்டுக்கு நேத்து அட்வான்ஸ் கட்டிட்டேன், கடல் எத்தன அடி தூரம்னு எழுதி வாங்கிட்டுத்தான். அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, பாலத்துக்கு முன்னாடி அந்த மரம் இன்னும் இருக்கான்னு பாத்துட்டுப் போலாமாடான்னு.